சம்பந்தி எழுதிய தலைவர்

திருநகர் பாகீரதியிடம் எதையும் படிக்கக் கொடுக்க வீட்டில் எல்லோருக்கும் தயக்கம்தான். மேலூரில் பிறந்து, மதுரையில் பெண்கள் கல்லூரி ஒன்றில் ஓய்வுபெறும்வரை வரலாறு நடத்தியவர். மகள் தீப்தியின் கல்யாணப் பத்திரிகையில் ஓர் ஒற்று விட்டுப்போயிற்று என்று அத்தனையையும் அச்சகத்துக்கே திருப்பி அனுப்பியவர்.

அவரிடம்தான் தீப்தியின் மாமனார் அனந்தபத்மநாபன் ஒரு புத்தகத்தைக் கொண்டுவந்து நீட்டினார். வங்கி வேலையிலிருந்து ஓய்வுபெற்றபின், ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்து எழுதிய தேசத் தலைவர் ஒருவரின் வாழ்க்கை வரலாறு. ஒரே தொகுதி, தலையணை கனம்.

"வெளியீட்டு விழாவுல நீங்கதான் சம்பந்தியம்மா மதிப்புரை சொல்லணும்."

பாகீரதி ஒரு வரி விடாமல் படித்தார். தலைவரின் சிறைவாசத்தைப் படித்தபோது கண் கலங்கியது. ஆனால், பதவிக்கு வந்தபின் எதிர்த்துப் பேசியவர்களை அதே சிறைக்கு அவர் அனுப்பிய காலம் இரண்டே பக்கத்தில் ஓடிப்போயிருந்தது.

விழாவன்று காலையில் தீப்தி போன் செய்தாள். "அம்மா, பரீட்சைப் பேப்பர் திருத்துற மாதிரி பேசிராத. நான் இந்த வீட்லதான் இருக்கணும்."

"நல்லா இருக்குன்னு சொல்லிட்டு வந்து உக்காரு. அம்புட்டுத்தான்," என்றார் கணவர் சிவசங்கரனும்.

மேலமாசி வீதி மண்டபத்தில் முன்னால் பேசிய மூவரும் புத்தகத்தைக் கடல் என்றார்கள், மலை என்றார்கள். அடுத்துப் பாகீரதி எழுந்தார். சிறை அத்தியாயத்தை மனதாரப் பாராட்டினார். அதோடு நிறுத்தியிருக்கலாம். முடியவில்லை.

"இந்தப் புத்தகத்துல தலைவர் ஒரு தப்புகூடப் பண்ணலை. அதனாலயே, பாதிக்கு மேல அவர் என் கண்ணுக்குத் தெரியாமப் போயிட்டாரு. அவர் உள்ள தள்ளின ஆளுங்களும் இதுல பேசணும்."

தீப்தி தலையைக் குனிந்துகொண்டாள். அனந்தபத்மநாபன் முகத்தில் ஓர் அசைவும் இல்லை.

கூட்டம் கலைந்ததும் பாகீரதி சன்னலோரம் ஒதுங்கி நின்றார். வாயை விட்டு மகள் வாழ்க்கைக்கே வினை தேடிவிட்டோமே என்று தோன்றியது. அனந்தபத்மநாபன் காப்பியோடு நேரே அவரிடம் வந்தார்.

"முன்னாடி பேசுன மூணு பேரும் முன்னுரையையே தாண்டலை சம்பந்தியம்மா. கேட்கக் கேட்க எனக்கு வெறுத்துப்போச்சு. இம்புட்டு வருசம் எழுதுனதை நீங்க ஒருத்தராவது முழுசாப் படிச்சிருக்கீங்க."

"கோபம் இல்லையே?"

"இருந்துச்சு, பத்து நிமிசம். அப்புறம் யோசிச்சேன். நீங்க சொன்னது நெசம். எங்கே வம்பு வருமோன்னு நான்தான் சுருக்கிட்டேன். அடுத்த பதிப்புல அந்தக் காலத்தை விரிச்சு எழுதுறேன். யார் யாரைப் போய்ப் பாக்கணும்னு நீங்க சொல்லுங்க."

பாகீரதிக்கு அப்போதுதான் மூச்சே சீராக வந்தது. தீப்தி ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ என்ன சொல்லுவியோன்னு மாமா மத்தியானம் சாப்பிடவே இல்லம்மா. இப்பத்தான் ரெண்டு வடை உள்ள போயிருக்கு."

பாகீரதி வாய்விட்டுச் சிரித்தார். "நானும்தான்டி சாப்பிடலை. வடை மிச்சம் இருக்கா?"