பைன் மரத்துக்குப் பின்னால்

போன பனிக்காலம் முழுக்க நாங்கள் மூன்று பேர் ஞாயிறு காலைகளில் பனிமேடுகளில் ஏறி ஓடினோம். வசந்தத்தில் ஒரு அரை மரதன் ஓடவேண்டும் என்று எங்களுக்கு ஒரு விசர். மேட்டில் பழகினால் தட்டை றோட்டில் கால் தானாகப் போகும் என்பாள் எங்களில் இளையவள். அவள் எப்போதும் முன்னுக்கு ஓடிக் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுவாள். பின்னால் நானும், எங்கள் கட்டடத்தில் ஆறாம் மாடியில் இருக்கும் சிநேகிதியும் மூச்சு வாங்கிக்கொண்டு போவோம். அவள் மன்னார்க்காரி. எனக்குத் துணையாக ஓடுவதற்காகவே சேர்ச் பூசையைப் பின்னேரத்துக்குத் தள்ளிவைத்தவள்.

எனக்கு ஓடுவதில் வெட்கமில்லை. காலோடு ஒட்டிப்பிடிக்கிற றைற்ஸ் போட்டுக்கொண்டு ஓடுவதில்தான் வெட்கம், அதுவும் இந்த வயதில், இந்தத் தொடையோடு. டோர்செட் பார்க்கில் எங்கள் கட்டடத்து லிஃப்டிலிருந்து கார் வரைக்கும் கணவரின் நீள ஜக்கெற்றால் முழங்காலுக்குக் கீழே மூடிக்கொண்டுதான் வருவேன். ஓடுவதற்கும் பிக்கரிங் பக்கமாக, எங்கள் சனம் வராத ஒரு பார்க்கைத் தேடிப் பிடித்திருந்தேன். அங்கே போன பிறகுதான் ஜக்கெற்றைக் கழற்றிக் காருக்குள் போடுவேன்.

"இஞ்ச ஆர் அக்கா உங்களைப் பாக்கப்போகினம், காட்டு மானோ?" என்று சிநேகிதி பகிடி பண்ணுவாள்.

அந்த நேரம் மகளின் கல்யாணப் பேச்சுக்கால் நடந்துகொண்டிருந்தது. பிள்ளைகள் தாங்களாக விரும்பியதுதான். என்றாலும் மாப்பிள்ளையின் தாய் றிச்மண்ட் ஹில் கோயிலில் எல்லோருக்கும் தெரிந்த மனுசி, சரியான கட்டுப்பெட்டி என்று கேள்வி. என்னை இந்தக் கோலத்தில் கண்டு, தாயைப் போலத்தானே பிள்ளையும் என்று அவர் நினைத்துவிட்டால் எல்லாம் குழம்பிவிடும் என்று பயந்தேன். சிநேகிதிக்கும் இது தெரியும். அந்த அம்மாவின் படத்தை நானே ஃபோனில் காட்டியிருந்தேன்.

ஒரு ஞாயிறு இரண்டாவது மேட்டின் உச்சிக்கு அவளுக்கு முன்னால் நான் ஏறிவிட்டேன். மற்றப் பக்கச் சரிவின் அடியில் பிள்ளைகள் சறுக்கி விளையாடிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குப் பக்கத்தில் கம்பளித் தொப்பியோடு நின்றது மாப்பிள்ளையின் தாய். தன் மூத்த மகள் பிக்கரிங்கில் வீடு வாங்கியதாக அவர் சொன்னது அப்போதுதான் ஞாபகம் வந்தது. நான் யோசிக்கவேயில்லை. பக்கத்தில் நின்ற பைன் மரத்துக்குப் பின்னால் பதுங்கிக்கொண்டேன்.

என்னைக் காணவில்லை என்று அவசரமாக ஏறிவந்த சிநேகிதி, உச்சியில் பனிக்குக் கீழே கிடந்த ஐஸில் காலை வைத்தாள். விழுந்து உருண்டு பிள்ளைகளுக்குப் பக்கத்தில் போய்க் கிடந்தாள். கணுக்காலைப் பிடித்துக்கொண்டு "அக்கா" என்று ஒருதரம் கூப்பிட்டாள்.

நான் போகவில்லை. ஒரு அடி எடுத்து வைத்தேன். குனிந்து என் தொடையைப் பார்த்தேன். திரும்பவும் மரத்தோடு ஒட்டிக்கொண்டேன். இதை எழுதவே கை கூசுகிறது.

மாப்பிள்ளையின் தாய்தான் ஓடிவந்து அவளைத் தூக்கி இருத்தினார். தன் சால்வையைக் கழற்றிக் காலில் சுற்றினார்.

"ஆரோட வந்தனீங்கள் பிள்ளை?"

சிநேகிதி நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு மேட்டைப் பார்த்தாள். கிளைகளுக்கு ஊடாக என்னைக் கண்டுவிட்டாள் என்று எனக்குத் தெரிந்தது.

"நான் தனியத்தான் வந்தனான், அன்ரி."

ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தைச் செய் என்பார்கள். என் மகளின் கல்யாணத்துக்கான பொய்யை, கால் வீங்கிப் பனியில் கிடந்தபடி அவள் சொன்னாள். அந்த அம்மா அவளைத் தாங்கிக் கொண்டுபோய்த் தன் காரில் ஏற்றும்வரை நான் வெளியே வரவில்லை. இளையவள் திரும்பி வந்து கேட்டபோது, "கால் சுளுக்கிப்போட்டுது, ஆரோ ஏத்திக்கொண்டு போட்டினம்" என்றேன்.

பேச்சுக்கால் சரிவந்தது. எங்கள் வீட்டுக்கு வந்திருந்த அன்று சம்பந்தி அம்மாவே அந்தக் கதையை எடுத்தார்.

"பாவம், தனிய விழுந்து கிடந்தது. ஆனா பனிக்குள்ள ஓட வந்திருக்கே எண்டு எனக்கு ஆசையாக் கிடந்தது. எனக்கும் உப்பிடி ஒரு றைற்ஸைப் போட்டுக்கொண்டு ஓட விருப்பம். கூட்டிக்கொண்டு போகத்தான் ஆரும் இல்லை."

"ஓமோ" என்று கேட்டுக்கொண்டு அவருக்குத் தேத்தண்ணி ஊற்றினேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

போன கிழமை கல்யாணக் கார்ட்டோடு ஆறாம் மாடிக்குப் போனேன். இவ்வளவு நாளும் அவளுக்குச் சோறு கறி கொண்டுபோய்க் கொடுத்தேன், பிஸியோதெரப்பிக்கு ஏற்றி இறக்கினேன், அன்று நடந்ததை மட்டும் பேசவில்லை. அவளும் பேசவில்லை. கார்ட்டை முழுக்க வாசித்தாள். மகளின் பெயரை விரலால் தடவினாள். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு கேட்டாள்.

"மாப்பிள்ளையின்ர தாய் என்னைக் கண்டா அண்டைக்கு விழுந்த ஆள் எண்டு அறிஞ்சுபோடுவா. நான் வரட்டோ, அக்கா?"

அவள் குத்திக் கேட்கவில்லை. எனக்காகத்தான் கேட்டாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவில்லை. இன்னும் வீக்கம் வற்றாத அவளின் கணுக்காலைப் பார்த்துக்கொண்டு வாசலிலேயே நின்றேன்.