தொப்புளுக்கு வலப்பக்கத்துக் கட்டி

அதை இன்று நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. கூலிம் ஊரில் உள்ள தொழிற்சாலையில் வேலை முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்குவேன். செருப்பைக் கழற்றுவதற்குள் என் கணவர் கைப்பையை வாங்கிக் கவிழ்ப்பார். மிட்டாய்த் தாள், பிஸ்கட் தூள் ஏதாவது விழுகிறதா என்று பார்ப்பார். எனக்குச் சர்க்கரை நோய். தவறாமல் ஊசி போட்டும் சர்க்கரை இறங்கவில்லை. அதனால் நான் திருடித் தின்கிறேன் என்பது அவர் முடிவு.

பீடோங்கில் இருக்கும் அவருடைய அக்கா, தீபாவளியன்று எல்லார் முன்னாலும் சொன்னார்: "இங்கதான் அதிரசம் வேணாம்னு சொல்லுவா. பேக்டரி கேன்டின்ல போய்ப் பாத்தா தெரியும்லா!" எல்லாரும் சிரித்தார்கள். என் கணவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் மன்னிக்கவில்லை.

நான் எதையும் திருடித் தின்னவில்லை. கேன்டினில் பசியாறுவதற்கு முன், தொழிற்சாலைக் கழிப்பறையில் நின்றபடியே அவசரமாக ஊசி போட்டுக்கொள்வேன். எப்போதும் தொப்புளுக்கு வலப்பக்கம், ஒரே இடம். அங்கே குத்தினால் வலிக்காது. எங்கே போடுகிறாய் என்று யாரும் கேட்டதில்லை. வாயைக் கட்டு என்று மட்டும் எல்லாரும் சொன்னார்கள்.

கிளினிக்குக்குப் புதிதாக வந்த தமிழ் நர்ஸ், எல்லாரும் மிஸ்ஸி என்று கூப்பிடுகிறவர், அவர்தான் சட்டையைத் தூக்கச் சொல்லி அமுக்கிப் பார்த்தார். அங்கே சதை தடித்துக் கட்டியாக இருந்தது.

"இந்த மருந்து ஒரு ஹார்மோன்க்கா. சின்னச் சின்ன ரத்தக் குழாயோட சுவரைத் தாண்டி உள்ள போவணும். ரத்தத்துல ஓடி, சதைகிட்ட வந்து மறுபடியும் சுவரைத் தாண்டி வெளிய வரணும். அப்பதான் அங்க உள்ள செல் எல்லாம் சர்க்கரையை இழுத்துக்கும். ஒரே எடத்துல குத்திக் குத்திக் கட்டியாயிருச்சு, நீங்க போட்டது பாதி இந்தக் கட்டியிலேயே நின்னு போச்சு. இனிமே எடத்த மாத்தி மாத்திப் போடுங்க. அப்ப மருந்து முழுசா ஏறும், அதனால அளவ எவ்ளோ கொறைக்கணும்னு டாக்டர் சொல்வாரு."

அங்கேயே அழுதேன். எல்லாம் ஆத்திரம்தான்.

வீட்டில் சொன்னேன். "நல்லா கதை கட்டற," என்றார் கணவர். மறுநாள் அவரையே கிளினிக்குக்கு இழுத்துப் போனேன். மிஸ்ஸி அதையே திரும்பச் சொன்னார். கணவர் பள்ளிப் பிள்ளைபோலத் தலையாட்டிக் கேட்டார்.

காரில் ஏறியதும் அக்காவுக்குப் போன் போட்டார். "அவ திருடித் திங்கலக்கா. மிஸ்ஸி சொன்னாங்க."

"நான் முதல்லயே சொன்னேன்னு சொல்லுங்க," என்றேன்.

அவர் போனை வைத்துவிட்டுக் காரைக் கிளப்பினார்.