அண்ணன் சீரியஸாக இருந்த நாள்

நான் இருக்கும் ஆஸ்திரேலியச் சிற்றூர் ஆஸ்பத்திரியில் ஸ்கேன் மெஷின் உண்டு, படத்தைப் பார்த்துச் சொல்லும் டாக்டர் கிடையாது. போன மாதம் என் முழங்காலைப் படமெடுத்த பெண்ணிடம், "டாக்டர் எங்கே?" என்று கேட்டேன். "பெர்த்தில்" என்றாள், பக்கத்து அறையைச் சொல்வதுபோல. பெர்த் இங்கிருந்து ஒரு நாள் கார்ப் பயணம். ஆனாலும் நான் வீடு போய்ச் சேர்வதற்குள் ரிப்போர்ட் வந்துவிட்டது.

அந்த நினைப்பில்தான், ஐயம்பேட்டையில் ஷேர் ஆட்டோ ஓட்டும் என் அண்ணன் தீராத தலைவலிக்குக் காஞ்சிபுரத்தில் ஸ்கேன் எடுத்தபோது நிம்மதியாக இருந்தேன். அவர் முசரவாக்கம் போகும் வழியில் பைக்கிலிருந்து விழுந்து சில வாரம் ஆகியிருந்தது. அந்த ஸ்கேன் சென்டரிலும் படத்தை நெட்டில் சென்னை ஸ்பெஷலிஸ்ட்டுக்குத்தான் அனுப்புகிறார்கள். மறுநாளாகியும் பதில் இல்லை. ரிப்போர்ட் இல்லாமல் உள்ளூர் டாக்டர் எதுவும் சொல்லமாட்டாராம். அதற்குள் அண்ணனுக்கு வாய் குழற ஆரம்பித்துவிட்டது. அண்ணி ஃபிலிமை டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்து போட்டோ எடுத்து எனக்கு அனுப்பினார். பாதிப் படத்தில் அவர் கட்டைவிரல்.

"இத வெச்சிக்கினு நான் என்னா பண்றது அண்ணி?" என்று கத்தினேன்.

"நான் மட்டும் என்னாம்மா பண்றது? எடுத்து எடுத்து அனுப்பிக்கினுதான இருக்கேன்!" என்று அவரும் கத்தினார். வெளிநாட்டில் இருப்பவர்களுக்குத் தெரியும், போனில் கத்துவதைத் தவிர நம் கையில் ஒன்றுமில்லை.

நான் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில் என் மேலாளர் ஷேரனிடம், "மை பிரதர் இஸ் சீரியஸ்" என்று சொல்லி லீவு கேட்கப் போனேன். "கொடுத்துவைத்தவள் நீ. என் தம்பிக்கு எல்லாமே விளையாட்டு" என்று சிரித்தாள். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. இங்கே சீரியஸ் என்றால் சிரிக்காத, பொறுப்பான ஆள்; நம்மூர் இங்கிலீஷை உட்கார்ந்து விளக்கப் பொறுமையில்லை. வெளியே வந்து ஸ்கேன் சென்டருக்கு போன் போட்டேன்.

"நெட் போயிடுச்சி மேடம். வந்ததும் அனுப்பிடுவோம்."

"எப்போ போச்சி?"

"நேத்தே."

"உங்க போன்ல நெட் இருக்குது இல்ல? அதுல அனுப்புங்க சார்."

"அப்டிலாம் பண்றது இல்ல மேடம்."

"எங்க அண்ணனுக்கு பேச்சே வரல சார்!"

"லைன்ல இருங்கம்மா" என்றார்.

படம் போய்ச் சேர்ந்தது. சென்னை டாக்டர் ரிப்போர்ட்கூட எழுதாமல் சென்டருக்கே போன் செய்தார்: மண்டைக்குள் ரத்தம் கட்டி மூளையை அழுத்துகிறது, உடனே கிளப்புங்கள். அன்று மாலையே சென்னையில் ஆபரேஷன். அண்ணன் பிழைத்தார். பேச்சு திரும்பியதும் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "அவ்ளோ தூரத்துல இருந்துக்கினு அண்ணிகிட்ட ஏம்மா கத்துன?"

நேற்று அண்ணி, தையல் பிரித்த தலையை போட்டோ எடுத்து அனுப்பியிருந்தார். சாப்பாட்டு நேரத்தில் பார்த்தேன். மழித்த தலை, காதுக்கு மேலே வளைந்து போகும் தழும்பு. தடவிப் பார்க்கத்தான் விரல்களை வைத்தேன். படம் பெரிதாகி, தழும்பு திரை முழுக்க நிறைந்து, அண்ணன் முகம் எங்கோ வெளியே போய்விட்டது.