அக்காவின் கடற்பசுவும் என் இருவாட்சியும்

அக்காவின் கைப்பேசியில் ஒரு கடற்பசு தன் குட்டியோடு கடலடிப் புல்லை மேய்ந்துகொண்டிருந்தது. அக்கா முதல் பிள்ளை பெற்று, செமோரில் அம்மா வீட்டில் இருந்த பன்னிரண்டாம் நாள் அது. வயிற்றில் இறுகக் கட்டிய துணி, காதை மூடிய துண்டு, சாத்திய ஜன்னல், அறை முழுக்கப் பூண்டு வாசம். முப்பது நாள் வாசல்படி தாண்டக்கூடாது என்பது அம்மாவின் சட்டம். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பாலெடுத்த அம்மாவுக்கு ஆயுளில் கிடைத்த ஓய்வே பிள்ளைப்பேற்றின் முப்பது நாள்கள்தாம். அதை மகளுக்கும் கொடுக்க நினைத்தாள், பாவம்.

ஆனால் பதினைந்தாம் நாள் அக்கா தஞ்சோங் மாலிமுக்கு நேரில் போய்ப் பல்கலைக்கழகத்தில் பதிய வேண்டும். இரண்டு முறை கைநழுவிய மேற்படிப்பு இடம். அன்று போகாவிட்டால் வேறு யாருக்கோ போய்விடும்.

அம்மா விடமாட்டேன் என்றாள். நான் சும்மா இருந்திருக்கலாம். ஜெலாப்பாங் தொழிற்சாலையில் லோரி ஓட்டும் எனக்கு, கிரிக் காட்டுப் பக்கம் போய்வரும்போது பார்த்த இருவாட்சிப் பறவைகள் மேல் பைத்தியம். பெட்டை மரப்பொந்துக்குள் புகுந்து வாசலைப் பூசி அடைத்துக்கொள்ளும். அலகு நீட்ட ஓர் இடுக்கு மட்டும் விடும். ஆண்பறவை பழம் கொண்டுவந்து ஊட்டும். இதையெல்லாம் நீட்டி முழக்கி, பறவைக்கே இந்தப் பத்தியம் தெரிகிறது பார் என்று முடித்தேன். அம்மாவுக்கு வாயெல்லாம் பல்.

அக்கா உயிரியல் ஆசிரியை. என் பாச்சா அவளிடம் பலிக்குமா? கைப்பேசியைக் காட்டினாள். கடற்பசு தண்ணீருக்குள்தான் பால் கொடுக்கிறது. ஆனாலும் அது மீனில்லை. சில நிமிடங்களுக்கு ஒருமுறை மேலே வந்து மூச்சு வாங்கியே ஆக வேண்டும், குட்டியும் கூடவே ஏறும். எனக்கு உண்மையிலேயே ஆச்சரியம். ஒன்று அடைந்து கிடந்து வளர்க்கிறது, ஒன்று ஏறி இறங்கி வளர்க்கிறது. இதில் எது நல்ல தாய் என்று கேட்டேன்.

“ரெண்டும்தான்லா. பொந்த யாரு பூசுறா?” என்றாள் அக்கா.

“பெட்டைதான்.”

“ஒடைச்சிட்டு வர்றது?”

“அதுவும் பெட்டைதான்.”

“அப்புறம் என்னடா? பதினஞ்சாம் நாளு காலையில காடிய எடு, தஞ்சோங் மாலிமுக்கு ஓட்டு.”

அம்மா இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் காலை, தானே அக்காவுக்குக் காதைக் கட்டிவிட்டு, காரில் வேப்பிலைக் கொத்தைச் செருகினாள். பிள்ளைக்குக் குளிர் ஆகாது, ஏர்கோன் போடாதே என்று எனக்குக் கட்டளை வேறு.

அங்கே வரிசை நீளமாக இருந்தது. மரநிழலில் காரை நிறுத்தி, கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவிட்டு, குழந்தையும் நானும் உள்ளே. அக்கா இரண்டு முறை வந்து பால் கொடுத்துவிட்டு மறுபடி வரிசைக்கு ஓடினாள். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. ஒருவரும் ஒரு வாய் தண்ணீர் வேண்டுமா என்று கேட்கவில்லை. மூன்றாம் முறை கையில் மாணவர் அட்டையோடு வந்தவள் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டாள்.

“ரெண்டு மணி நேரத்துக்கே மூஞ்சி இப்படிப் போச்சேடா.”

எனக்கு வெட்கமாக இருந்தது. அத்தனை பேசியவன், நீ என்ன நினைக்கிறாய் என்று ஒருநாளும் அவளைக் கேட்டதில்லை.

அந்தக் குழந்தை இப்போது பாலர் பள்ளிக்குப் போகிறாள். அடுத்த மாதம் என் மனைவிக்குப் பேறுகாலம். முப்பது நாளும் வீட்டில்தானே என்று சொந்தக்காரர்கள் என்னைத்தான் கேட்கிறார்கள். அவள் பக்கத்து அறையில்தான் இருக்கிறாள், போய்க் கேளுங்கள் என்கிறேன்.