எட்டாங்கட்டையின் தோல்விப் பதாகை

போன சனிக்கிழமை எங்கள் எதிர்வீட்டுக்காரர் தம் இரும்புக் கதவுக்குச் சாயம் அடித்தார். பூச்சோங்கில் பதினான்காவது மாடியில் குடியிருப்பவனுக்குக் காற்றுக்குக் குறைவில்லை. ஆனாலும் அந்தத் தின்னர் வாடை கதவிடுக்கில் நுழைந்து, நான் காப்பியோடு உட்கார்ந்திருந்த இடத்துக்கே வந்துவிட்டது. மனைவி மூக்கைப் பொத்திக்கொண்டு சன்னலைத் திறந்தாள். நானோ, உண்மையைச் சொன்னால், இழுத்து ஒரு மூச்சு வாங்கிக்கொண்டேன். சிரிக்காதீர்கள். அந்த வாடை வந்தால் எனக்கு ஒரு மலாய்ச் சொல் ஞாபகம் வரும். அதை நான் தப்பாக எழுதி ஊரையே தலைகுனிய வைத்ததும் கூடவே வரும்.

கிள்ளானிலிருந்து பந்திங் போகும் பக்கம், பண்டமாரானைத் தாண்டி உள்ளே திரும்பினால் எங்கள் இடம். வரைபடத்தில் அதற்கு வேறு பெயர். எங்களுக்கு அது எட்டாங்கட்டை. பழைய மைல்கல் கணக்கு அது. அந்தக் கல்லை நான் பார்த்ததே இல்லை. ஐம்பது வீடுகள், ஒரு மளிகைக் கடை, பலகையில் கட்டிய பொது மண்டபம் ஒன்று, கால்வாயின் மேல் ஒரே ஒரு வண்டி போகக்கூடிய பாலம். சாலையில் ஆடுகள் படுத்திருக்கும். லோரிகள் அவற்றைச் சுற்றிக்கொண்டு போகும். பட்டணத்துச் சம்பளமும் வாங்கினோம், வாசலில் ரம்புத்தானும் பறித்தோம். கொடுத்து வைத்தவர்கள்தாம், ஆனால் அது அப்போது யாருக்குத் தெரிந்தது?

பாலத்துக்கு ஒரு சட்டம் இருந்தது. வீட்டுக்குத் திரும்புகிறவருக்கு முதல் வழி, வெளியே போகிறவர் நிற்க வேண்டும். யார் போட்ட சட்டமோ, ஒருவரும் மீறியதில்லை. நான் அப்போது துறைமுகத்தில் சரக்கு அனுப்பும் ஆபீஸ் ஒன்றில் புதுக் கிராணி, அதாவது குமாஸ்தா. காலையில் அரக்கப் பரக்கக் கிளம்பினால், இரவு ஷிப்டு முடிந்து வருகிறவர்கள் வரிசையாகப் பாலத்தில் ஏறுவார்கள். ஒவ்வொருவரும் சன்னலை இறக்கி, "பசியாறியாச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் நகர்வார்கள். ஆபீசுக்குத் தாமதமானதற்கு இதைக் காரணமாகச் சொன்னேன். என் மேலாளர் இதுவரை எந்தக் கிராணியும் சொல்லாத பொய் என்று பாராட்டினார்.

அந்தப் பாலத்தைத்தான் உடைக்கப் போவதாகச் செய்தி வந்தது. நெடுஞ்சாலைக்குக் குறுக்கு வழியாக எங்கள் சாலையை நாலு தடமாக்கும் திட்டம். பாலம் போகும், சாலையோர மரங்கள் போகும், கால்வாயை ஒட்டிய ஆறு வீடுகளும் போகும். அதில் முதல் வீடு மிஸி அக்காவுடையது.

அக்காவுக்கு வேறு பெயர் இருந்தது. அரசாங்க கிளினிக்கில் தாதியாக இருந்ததால் ஊருக்கே மிஸிதான். பிறந்து வளர்ந்த ரப்பர்த் தோட்டத்தை முதலாளிகள் விற்றபோது ஒரு தடவை, அதன் பிறகு குடியிருந்த வரிசை வீட்டை இடித்தபோது ஒரு தடவை என்று ஏற்கெனவே இரண்டு முறை வீடு காலி செய்தவர். மண்டபத்தில் கூட்டம் போட்டபோது அவர் நீளமாகப் பேசவில்லை.

"ரெண்டு தடவ மூட்ட கட்டிட்டேன். மூணாவது தடவ என்னால முடியாது. அவ்ளோதான்" என்றார்.

அன்றைக்கே சங்கம் உருவாகிவிட்டது. அக்கா தலைவர். லோரி ஓட்டும் சுப்பையா அண்ணே செயலாளர். எழுதப் படிக்கத் தெரிந்த பாவத்துக்கு நான் எல்லாக் கடிதத்துக்கும் பொறுப்பு. அக்காவின் திட்டம் எளிமையானது. இடத்தைப் பார்க்க வருகிறவருக்கு இதை உடைக்க மனசு வரக்கூடாது. அதனால் ஞாயிறு தவறாமல் கோத்தோங் ரோயோங். ஊரே இறங்கிச் செய்யும் வேலைக்கு மலாய்க்காரர் வைத்த பெயர் அது. தமிழில் சொன்னால் யாரும் வரமாட்டார்கள், அப்படிச் சொன்னால் வருவார்கள். கால்வாயில் சேறு அள்ளினோம், லாலாங் புல் வெட்டினோம், பாலத்துக்கு வெள்ளையடித்தோம். ஆட்டுக்கு மணி கட்டலாமா என்று ஒரு ஞாயிறு முழுக்க விவாதம் நடந்தது. என் பங்கு வேலையைவிட அறிவுரை அதிகம். சேற்றில் கால் வைக்க எனக்கு அன்றும் பயம், இன்றும் பயம்.

அப்புறம்தான் பதாகை. மஞ்சள் துணி, சிவப்புச் சாயம், தின்னர் டப்பா. மண்டபத்துத் தரையில் மண்டி போட்டு நானே எழுதினேன். மலாய்ப் பாடத்தில் கிரெடிட் வாங்கியவன் என்ற திமிர் எனக்கு. எழுத வேண்டியது, "கெக்கால்கான் கம்போங் காமி". எங்கள் கம்பத்தை, அதாவது கிராமத்தை, இப்படியே காத்து வையுங்கள் என்று பொருள். ஆனால் முந்தின நாள் எங்கள் மாநிலக் குழு பந்தாட்டத்தில் மண்ணைக் கவ்வியிருந்தது. காலை மலாய்ப் பேப்பரில் கொட்டை எழுத்தில் கிடந்த சொல் என் மண்டையிலும் கிடந்திருக்க வேண்டும். கை எழுதியது, "கெக்காலாஹான் கம்போங் காமி". எங்கள் கம்பத்தின் தோல்வி.

அதைப் பாலத்தின் மேல் கட்டினோம். தள்ளி நின்று பார்த்தோம். சுப்பையா அண்ணே, "எழுத்து நல்லா இருக்கு தம்பி" என்றார். எழுத்து நன்றாகத்தான் இருந்தது.

மூன்று நாள் ஊர் முழுக்க அதன் கீழேயே போய் வந்தது. நாலாம் நாள் கால்வாய்க்கு அந்தப் பக்கத்து பாக் சமாட், பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், ஒரு தட்டு நிறையப் பலகாரத்தோடு மிஸி அக்கா வீட்டுக்கு வந்தார். துக்க வீட்டுக்கு வந்தவர் போல செருப்பைக் கழற்றி, மெதுவாக உட்கார்ந்து, "மனச விட்டுடாதீங்க மிஸி. நம்மால முடிஞ்ச வரைக்கும் செஞ்சோம்" என்றாராம் மலாயில். அக்காவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. தீர்ப்பு வந்துவிட்டது, நாங்கள் தோற்றதை ஊருக்கு அறிவித்திருக்கிறோம் என்று பாவம் அவர் மூன்று நாளாக வருந்தியிருக்கிறார். இதைப் போய் விசாரிப்பது மரியாதையில்லை என்று பேசாமல் இருந்திருக்கிறார்.

அன்று சாயங்காலம் என்னைக் கூப்பிட்டு நடுக்கூடத்தில் நிறுத்தினார்கள்.

"கிரெடிட்டா வாங்குனே?" என்றார் அக்கா.

"ஆமாக்கா."

"யாருகிட்டேர்ந்து?"

சுப்பையா அண்ணேதான் காப்பாற்றினார். "வேற துணி எதுக்கு? முன்னாடி எடம் இருக்குலா. 'பெலும்'னு ஒரு வார்த்த போட்டுவிடு தம்பி." பெலும் என்றால் இன்னும் இல்லை. இலக்கணம் சரியா என்று பாக் சமாட்டிடம் கேட்டோம். அவர் வெகுநேரம் யோசித்து, இலக்கணம் தப்பு, பொருள் சரி என்றார். அப்படியே எழுதிக் கட்டினோம்: இன்னும் தோல்வியில்லை, எங்கள் கம்பம். தப்பைத் திருத்தியதில் எனக்கு வந்த பெருமை, சரியாக எழுதியிருந்தால்கூட வந்திருக்காது.

இந்தக் கூத்து எப்படியோ நகராண்மைக் கழகம் வரை போய்விட்டது. அடுத்த ஞாயிறு ஓர் அதிகாரி, இளைஞர்தான், தாமே காரை ஓட்டிக்கொண்டு வந்தார். பதாகையைப் படம் பிடித்துவிட்டுச் சிரித்தபடி பாலத்தில் ஏறப் போனார். உள்ளேயிருந்து சுப்பையா அண்ணேயின் லோரி வெளியே வந்துகொண்டிருந்தது. அதிகாரி அவசரமாகக் காரைப் பின்னால் எடுத்தார். அண்ணேயோ லோரியை நிறுத்தி, இறங்கி வந்து, "என்சிக், நீங்க உள்ள வர்றீங்க. உள்ள வர்றவங்கதான் மொதல்ல" என்றார். அந்த மனிதருக்கு இது விளங்க நேரம் பிடித்தது. விளங்கியதும் அவர் முகத்தில் ஒரு மாற்றம் தெரிந்தது. வெளியூர்க்காரரை வீட்டுக்குத் திரும்புகிறவர் கணக்கில் சேர்த்தது அண்ணேயின் சொந்தத் திருத்தம் என்பதை நாங்கள் யாரும் சொல்லவில்லை.

அக்கா அவருக்குத் தோசை கொடுத்தார். மனு எதையும் நீட்டவில்லை. தம் வீட்டு வாசலில் ஒரு நாற்காலி போட்டு, "இங்க உக்காந்து சாப்பிடுங்க. ரோடு வந்தா நீங்க உக்காந்திருக்கிற எடம் நடு ரோட்டுல இருக்கும்" என்று மட்டும் சொன்னார். அவர் நாலு தோசை சாப்பிட்டார்.

எட்டு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. சாலை செம்பனைக் காட்டுப் பக்கமாகத் திரும்பிவிட்டது. பதாகையாலா, தோசையாலா, அந்தப் பக்கம் வேலை சுலபம் என்பதாலா, இன்று வரை தெரியாது. நான் கடிதத்தை மண்டபத்தில் வாசித்தேன். "சரியா படிச்சியா? இன்னொரு தடவ படி" என்றார் அக்கா. படித்தேன். அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பாத்திரங்களைக் கழுவப் போனார். என் வாழ்க்கையில் அதைவிட நல்ல கடிதம் நான் வாசித்ததில்லை.

மரம் ஒன்றும் விழவில்லை. ஆறு வீடும் நின்றன. விழாமல் நின்றதைப் பார்த்துக்கொண்டிருக்க நாங்கள்தான் இல்லை. கல்யாணமான மூன்றாம் வருடம், மனைவியின் வேலை, பிள்ளையின் பள்ளி, ரயில் வசதி என்று நானே மூட்டை கட்டினேன். என்னை யாரும் விரட்டவில்லை. சங்கத்துக்காரர்கள் ஒவ்வொருவரும் இப்படித்தான், தங்கள் விருப்பத்தோடு, விருந்து வைத்துக்கொண்டு போனோம். சுப்பையா அண்ணேயும் பாக் சமாட்டும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மிஸி அக்கா முழங்கால் முடியாமல் ஈப்போவில் மகள் வீட்டில் இருக்கிறார். மூன்றாவது மூட்டையை மகள்தான் கட்டினாளாம். போனில் சிரித்துக்கொண்டே சொன்னார்.

தின்னர் வாடை மனதை விடாததால் மறுநாள் காலை காரை எடுத்துக்கொண்டு எட்டாங்கட்டைக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமை. முகப்பில் பத்துப் பதினைந்து பேர் கையுறை போட்டுக்கொண்டு புல் வெட்டிக்கொண்டிருந்தார்கள். எல்லாம் புதிய முகங்கள். ஊர் நாங்கள் வைத்திருந்ததைவிடச் சுத்தமாக இருந்தது. லேசாகப் பொறாமைகூட வந்தது. ஒரு பெண், முப்பது வயதிருக்கும், கையைக் காட்டிக் காரை நிறுத்தினாள்.

"சோரி அங்கிள், வெளியாளுங்க காடிய இங்கயே போட்டுட்டு நடந்துதான் போகணும். எங்க கம்பத்து ரூல்லா. ரொம்ப வருசமா அப்படித்தான்."

அப்படி ஒரு ரூல் எங்கள் காலத்தில் இல்லை. ஆனாலும் அவள் காட்டிய இடத்தில் ஒழுங்காக நிறுத்தினேன்.

"யாரப் பாக்கணும் அங்கிள்?"

சொல்வதற்கு ஒரு பெயரைத் தேடினேன். ஒன்றுகூட மிஞ்சவில்லை.

"யாரையும் இல்லம்மா. சும்மா ஊரப் பாக்க வந்தேன்."

"தாராளமா பாருங்க" என்றாள் அந்தப் பெண், உண்மையான பெருமையோடு. "இந்த மாதிரி எடம் நீங்க பாத்திருக்க மாட்டீங்க."