ஒப்தூலியாவைக் கடித்த பச்சோந்தி

ஒப்தூலியா தொர்ரெயோன் நகரத்தில் டாக்ஸி ஓட்டுகிறவள். வாய்க்காரி. குறுக்கே வண்டியை விட்ட பஸ் டிரைவர்களில் அவளிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாதவர் யாரும் இல்லை. ஆனால் பின் சீட்டில் ஏறுகிறவர்களைத் திட்ட முடியுமா? மாமியார் கதை, மூட்டுவலிக் கதை, விவாகரத்துக் கதை என்று நாள் முழுக்க அவள் காதைத் துளைத்தார்கள். வீட்டுக்குப் போனால் புருஷன் சோன் வேறு பேசுவான். அதனால்தான் வாயே திறக்காத ஒரு பிராணியை வளர்க்க வேண்டும் என்று தேடி, பச்சோந்தியில் வந்து நின்றாள்.

அது போன வருஷம். சந்தைப் பக்கத்துக் கடையில் மூன்று பச்சோந்திகள் இருந்தன. இரண்டு அவளைக் கண்டதும் உடம்பை உப்பிக்கொண்டு சீறின. மூன்றாவது கண்ணை மூடிக்கொண்டு அவள் உள்ளங்கையில் அப்படியே படுத்துவிட்டது. அந்த நிமிஷமே அவள் உருகிப்போனாள். அதற்கு மன்சோ, அதாவது சாது, என்று பெயர் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தாள்.

அந்த ஊர்க்காரர் யாராக இருந்தாலும் அதைத்தான் எடுத்திருப்பார்கள். ஊரைச் சுற்றியுள்ள பாலைவனத்தில் தட்டையாக, முள்ளு முள்ளாக ஒரு ஓணான் திரியும். அதற்கும் கமலெயோன், கடையில் விற்கும் பச்சோந்திக்கும் கமலெயோன், இரண்டுக்கும் ஒரே பெயர். முள் ஓணானின் வயிற்றைத் தடவிக் கொடுத்தால் கண் சொருகி, கையிலேயே கிடக்கும். சின்ன வயதில் அதைச் செய்து பார்க்காத பிள்ளை அங்கே கிடையாது. பெயர் ஒன்று என்றால் குணமும் ஒன்றுதான் என்று ஒப்தூலியா எடுத்துக்கொண்டாள்.

மன்சோ அவள் கையில் படுத்துக் கிடந்தது. "என்மேல எவ்வளவு நம்பிக்கை பாரு" என்று அவள் சோனிடம் பெருமையடித்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானத்தில், அது ஏற்கெனவே செத்துப்போயிருந்தது. அவள் இன்னும் தடவிக்கொண்டிருந்தாள்.

"பகல்ல கண்ண மூடிக்கிட்டு இருந்தா அது சீக்குங்க. கடையில இருக்கும்போதே பாதி போயிருக்கும்" என்று மிருக வைத்தியர் யதீரா பொறுமையாகச் சொன்னாள். ஆரோக்கியமானதை எப்படிக் கண்டுபிடிப்பது என்றும் சொல்லிக்கொடுத்தாள். ஒப்தூலியா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள், ஆனால் நம்பவில்லை. தன் கைராசிதான் அதைக் கொன்றது என்று மனசில் முடிவு கட்டிவிட்டாள். போக்குவரத்துப் போலீசுக்கே பயப்படாதவள், பக்கத்து வீட்டுக் கோழிக்குஞ்சைத் தொடவும் பயந்தாள்.

இந்த நிலைமையில்தான் அவள் வாடிக்கைப் பயணி, நர்ஸ் இட்சயானா, திஹுவானாவுக்கு வேலை மாற்றலாகிப் போவதாக இருந்தாள். "என் பச்சோந்திய நீங்க எடுத்துக்கங்க தோன்யா. உங்களத் தவிர யாரையும் நம்பி விட முடியாது" என்றாள், 'அம்மா' என்பதுபோல் மரியாதைக்குத் 'தோன்யா' போட்டு. ஒப்தூலியாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இதுவும் தன் கையில் செத்தால், அப்புறம் ஒரு உயிரையும் அவளால் தொட முடியாது.

"போய்ப் பாரு, பார்க்கிறதுக்கு என்ன?" என்றான் சோன். "ஆனா இன்னொரு சாவு வேணாம் ஒப்து. போன தடவ நீ அழுததுல எனக்கே காய்ச்சல் வந்துடுச்சு."

காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாமல் இட்சயானாவின் வீட்டுக்குப் போனாள். ஜன்னலோரம் வலைக்கூண்டில், பச்சையில் மஞ்சள் பட்டை போட்டுக்கொண்டு அது உட்கார்ந்திருந்தது. ஒரு கண் மூடியிருந்தது. மூடியது மட்டுமில்லை, வீங்கிப் புடைத்திருந்தது.

"கண்ண மூடியிருக்கே" என்றாள்.

"தூசி போயிருக்கும். கொஞ்சம் பொறுங்க" என்று இட்சயானா தண்ணீரைப் புகைபோல் தெளித்தாள். மூடிய கண் உள்ளுக்குள்ளேயே உருண்டது. அது முகத்தைக் கிளையில் ஒரு தேய்ப்புத் தேய்த்தது. கண் திறந்துகொண்டது. குழி விழாத, உருண்டைக் கண். ஒன்று நர்ஸைப் பார்த்தது, மற்றது ஒப்தூலியாவை முறைத்தது.

யதீரா சொல்லிக்கொடுத்தது அப்போதுதான் ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்தது. கால்கள் வளையாமல் நேராக இருக்கின்றனவா? இருந்தன. கிளையை இறுகப் பிடித்திருக்கிறதா? பிடித்திருந்தது. கீழே குனிந்து எச்சத்தைப் பார்த்தாள். அதன் நுனி, உடம்பில் நீர் வற்றியதுபோல் காவியாக இல்லை, சுண்ணாம்பு மாதிரி வெள்ளையாக இருந்தது. ஒருவருடைய எச்சத்தைப் பார்த்து இவ்வளவு சந்தோஷப்படுவோம் என்று அவள் நினைத்ததே இல்லை. ஆனாலும் கையை நீட்டப் பயமாக இருந்தது.

"ஒண்ணு மறைக்காம சொல்லிடறேன் தோன்யா" என்றாள் இட்சயானா தயங்கி. "இவன் பயங்கர முரடன். தொட விடமாட்டான். அதுதான் இவன யாரும் வேணாங்கறாங்க. சாதுவா ஒண்ணு வேணும்னு நெனச்சிருந்தா..."

ஒப்தூலியா விரலை நீட்டினாள். பச்சை கறுத்தது, உடம்பு தட்டையாக விரிந்தது, வாயைப் பிளந்து சீறியது. அப்புறம் லபக்கென்று விரலைக் கவ்வி, விடவே இல்லை.

"ஐயோ, இழுக்காதீங்க, இழுக்காதீங்க" என்று நர்ஸ் பஞ்சைத் தேடி ஓடினாள். ஒப்தூலியா இழுக்கவில்லை. அசையாமல் நின்றாள். இந்தச் சின்னத் தாடையில் இவ்வளவு பலமா! மன்சோவுக்கு ஒருநாளும் இது இருந்ததில்லை. அது பாசத்தில் படுத்திருக்கவில்லை, முடியாமல் படுத்திருந்தது. அவள் கைக்கு வருவதற்கு முன்பே அதற்கு முடியவில்லை. நெஞ்சில் ஒரு வருஷமாகக் கிடந்த பாரம் இறங்கியது.

"அழறீங்களே, ரொம்ப வலிக்குதா?"

"வலிக்குது கண்ணு. நல்லா வலிக்குது" என்றாள் ஒப்தூலியா, சிரித்துக்கொண்டே. "எடுத்து வையி, இவன நான் கூட்டிட்டுப் போறேன்."

வீட்டில் சோன் அவள் விரல் கட்டைப் பார்த்தான், கூண்டைப் பார்த்தான். கிட்டே போனவனை அது விரட்டாத குறையாகச் சீறியது.

"இது உங்கிட்ட ஒட்டவே ஒட்டாது போலிருக்கே ஒப்து" என்றான்.

"ஒட்ட வேணாம்" என்றாள் அவள். "இருந்தா போதும்."