டச்சு பங்களாவில் என் அக்கா

வடக்கே நாங்கள் பிழைக்க வந்த போபோடியில், எங்கள் சந்து முடிந்ததும் டச்சு பங்களாவின் மதில் வந்துவிடும். யாரோ ஒரு டச்சுக்காரர் கட்டியதாம். கடைசியாக இருந்தவர் ஒரு பார்சிக் கிழவர். அவரிடம் அப்பா தோட்டக்காரர்.

எனக்கு முன் பிறந்த அக்கா, மாதம் திரும்புவதற்குள் போய்விட்டாள். பச்சைக் குழந்தையை எரிக்கக் கூடாதே. கிழவரிடம் கேட்டு, தோட்டத்தின் பின்மூலையில் வேப்பமரத்தடியில் அப்பாவே குழிவெட்டிப் புதைத்தார். ஆடிக்கு ஆடி அம்மா அங்கே பால் ஊற்றுவாள்.

தொண்ணூறுகளின் கடைசியில் கிழவர் இறந்தார். வாரிசுகள் விற்றுவிட்டார்கள். கேட் எங்களுக்குச் சாத்தியது சாத்தியதுதான். அம்மா மதிலுக்கு வெளியே சாக்கடையோரம் நின்று பாலை ஊற்றுவாள். சாக்கடைக்கா பால் என்று எனக்கு எரிச்சலாக வரும்.

சில வருடங்களில் பக்கத்து ஔந்தில் எனக்குக் கம்ப்யூட்டர் வேலை கிடைத்தது. கூட வேலை பார்த்தவளுக்குக் கல்யாணம். பத்திரிகையைப் பார்த்தால் அதே பங்களா! கல்யாணத்துக்கு வாடகைக்கு விடும் ‘லான்’ ஆகிவிட்டிருந்தது.

“வாம்மா, இந்தத் தடவ முன்வாசல் வழியாவே போலாம்” என்று, மகாராணி கணக்காக நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அம்மாவை அழைத்துப் போனேன்.

வாசலில் பளபளவென்று ஒரு பலகை. டச்சுத் துரை, அவர் குதிரைகள், ரோஜாத் தோட்டம், தேநீர் விருந்துகள் என்று பங்களாவின் வரலாறு. ரோஜாவுக்குத் தண்ணீர் விட்டவனைப் பற்றி மூச்சு இல்லை. போகட்டும் என்று பின்பக்கம் போனேன். தூக்கிவாரிப் போட்டது. மரம் இல்லை. மூலையே இல்லை. மதிலைத் தள்ளிக் கட்டி, மண் கொட்டி மேடாக்கி, பச்சைப் புல் விரித்திருந்தார்கள். அதன்மேல் ஒரு கூட்டம் டோல் மேளத்தின் அடிக்கு ஆடிக்கொண்டிருந்தது.

“இங்கதான்டி இருந்தா” என்றாள் அம்மா. நாலடி நகர்ந்தாள். “இல்ல, கெணறு அந்தாண்ட இருந்துச்சு...” கிணற்றையும் காணோம்.

“எங்கடி எம்புள்ள?”

அத்தனை சத்தத்திலும் அது எனக்குக் கேட்டது. மேடாக்கியவர்கள்மேல் ஆத்திரமாக வந்தது. யாரைப் போய்த் திட்டுவது? ஆடுகிறவர்களுக்கு என்ன தெரியும்?

மணப்பெண்ணின் அம்மா சிரித்த முகத்தோடு வந்து, “கானா காயா, ஆன்ட்டி?” என்று சாப்பிட்டாயிற்றா என விசாரித்துவிட்டுப் போனாள்.

அம்மா குனிந்து செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள்.

“எங்க மிதிக்கறோம்னு தெரியலியேடி.”

நானும் கழற்றினேன்.